அம்மா ஜெபிக்காத வருஷங்கள்

போன வியாழக்கிழமை நீங்கள் நாலு பேரும் வண்ணார்பேட்டை வெயிலில் ஆட்டோ பிடித்து வந்து, என் வீட்டு மாடிப்படி ஏறினீர்கள். நம் வயதில் மாடி ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மூச்சு வாங்கி உட்கார்ந்து, மாலை போட்ட என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்து, விசிறியைக் கொஞ்சம் கூட்டச் சொல்லி, கடைசியில் உங்களில் ஒருத்தி கேட்டே விட்டாள்.

"ஏளா, அவரு போயி ரெண்டு வருஷம் ஆச்சு. நீ கோயிலுக்கு எப்பதான் வருவே?"

நான் காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீங்கள் பேத்தி கல்யாணம் பேசிக்கொண்டிருந்தீர்கள். எனக்கும் வசதியாகப் போய்விட்டது. ஆனால் நீங்கள் போனபிறகு அந்தக் கேள்வி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீங்களும் தேற்ற ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். முழுக்க வாசித்துவிட்டுப் பேசுங்கள்.

எனக்குப் பத்து வயது. நாங்கள் அப்போது முக்கூடலுக்கு மேற்கே, ஆற்றை ஒட்டிய ஒரு ஊரில் இருந்தோம். அம்மா அங்கே மிஷன் தொடக்கப் பள்ளியில் டீச்சர். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். அந்த வருஷம் மழை இல்லை. தாமிரபரணி வற்றாத ஆறு என்று பள்ளிக்கூடத்தில் சத்தம் போட்டுப் படித்துவிட்டு, சாயங்காலம் அதே ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் தண்ணீர் கோரினோம். ஒரு குடம் நிறைவதற்குள் கணக்குப் பாட வாய்ப்பாடு முழுவதையும் இரண்டு தடவை சொல்லிவிடலாம். ஐப்பசி பிறந்தும் பிசான நெல் நடவுக்கு நாற்றுப் பாவ வழியில்லாமல் வயல் எல்லாம் வெடித்துக் கிடந்தது. அந்த வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டு வரை போகும். உள்ளே விட்டுப் பார்த்தால் அங்கேயும் சுடும்.

எங்கள் போதகர் ஐயருக்கு ஏழு ஊர் சபை. சைக்கிளில் சுற்றி எங்கள் கோயிலுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவார். மழைக்காக மூன்று நாள் உபவாச ஜெபம் நடத்தும்படி அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். அம்மாவிடம் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவள் ஜெபிக்கிற மாதிரி அந்தப் பக்கத்தில் யாரும் ஜெபிக்க மாட்டார்கள். குரலை உயர்த்த மாட்டாள், அழ மாட்டாள். பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருப்பவரிடம் வீட்டு விஷயம் பேசுவது போலப் பேசுவாள். நடுநடுவே "கேட்டுக்கிட்டு இருக்கீங்கள்லா?" என்பாள். அப்படி அவள் கேட்கும்போது நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பேன். யாரோ நிஜமாகவே அங்கே உட்கார்ந்திருப்பதாகத்தான் எனக்குத் தோன்றும்.

மூன்றாம் நாள் மத்தியானம். கோயிலுக்குள் முப்பது நாற்பது பேர், பசியில் வாடிப்போன முகங்கள். அம்மா ஜெபித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் பைய மங்கிற்று. நான் கண் மூடியிருந்ததால் முதலில் தெரியவில்லை. இமைக்குள் சிவப்பாக இருந்தது கறுப்பாக மாறியது. பிறகு ஒரு வாடை. நாலு மாதம் காய்ந்த மண்ணில் முதல் துளி விழும் வாடை. ஓட்டின் மேல் யாரோ ஒரு கைப்பிடி பயறு எறிந்த மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒரு படி, பிறகு ஒரு மூட்டை. எல்லோரும் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். கிழவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு மழையில் நின்றார்கள். நானும் ஓடினேன். ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா எழுந்திருக்கவில்லை. முழங்காலில் நின்றபடியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. பயம். பேசிக்கொண்டே இருந்தோமே, இத்தனை நாளும் ஒருவர் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாரே என்கிற பயம் அது என்று இப்போது எனக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. ஆனால் என் கையில் மயிர்க்கூச்செறிந்ததை இந்த வயதிலும் என்னால் காட்ட முடியும்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் ஆற்றங்கரைத் தெருக்காரி. அவளுடைய அம்மை பீடி சுற்றுவாள், அப்பா கிடையாது. அவளுக்கு ஒன்பது வயது. அவள் சிலேட்டுக்கு மரச்சட்டம் இருக்காது. உடைந்த விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க அவள் அம்மை சுற்றிலும் சேலைக் கிழிசலை வைத்துத் தைத்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்தால் புகையிலைத் தூள் மணக்கும். எனக்கு அந்த மணம் பிடிக்கும்.

மழை பிடித்த மூன்றாம் நாள் நான் அவளிடம் பெருமையடித்தேன்.

"எங்கம்மா கேட்டுத்தான் மழ வந்திருக்கு, தெரியுமா?"

"உங்கம்மா கேட்டா வருமா?"

"ஆமா. மூணு நாள் சாப்பிடாம கேட்டா."

அவள் சிலேட்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "அப்ப நிப்பாட்டச் சொல்லுட்டி. எங்க வீடு ஒழுகுது. அம்மை சட்டிய மாத்தி மாத்தி வச்சு ஒறங்கவே இல்ல."

அன்று சாயங்காலம் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் இதைச் சொன்னதும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். "நல்லா இருக்கே கத! பெய்யவைக்கவும் நானு, நிப்பாட்டவும் நானா? இன்னும் ரெண்டு நாள் பெய்யட்டும்னு சொல்லு. குளம் பெருகணும்லா?"

மறுநாள் நான் அதை அப்படியே அவளிடம் சொன்னேன். "இன்னும் ரெண்டு நாள்தானாம்."

"சரி, அம்மைட்ட சொல்லுதேன்" என்றாள் அவள். நம்பிவிட்டாள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இரண்டாம் நாள் காலையில் ஆறு வந்தது. தண்ணீர் ஏறிற்று என்று சொன்னால் போதாது. காலையில் பல் தேய்க்கும்போது மேற்கே இருந்து ஒரு உறுமல் கேட்டது. லாரி வருகிறது என்று நினைத்தேன். அது நிற்கவே இல்லை. மலையில் பெய்ததும், அணையில் திறந்ததும், ஓடையெல்லாம் கொண்டுவந்ததும் சேர்ந்து, நாங்கள் ஊற்றுத் தோண்டிய மணல் இருந்த இடத்தில் ஒரு செம்மண் மைதானம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையைக் காணோம். வேரோடு தென்னை, முழு வைக்கோல் படப்பு, அதன் உச்சியில் குரைக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு நாய், எல்லாம் எங்கள் முன்னால் கிழக்கே போயின. ஊர் முழுக்கக் கரையில் நின்றது. அவ்வளவு பெரிய ஒன்றுக்கு முன்னால் பேச வாய் வராது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவையும் இவள்தான் கேட்டு வாங்கினாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்குப் பெருமையும் நடுக்கமும் ஒன்றாக வந்தன.

ஆற்றங்கரைத் தெரு ஆட்கள் எல்லோரும் விடியுமுன்னே மேட்டில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். என் பக்கத்தில் உட்காருகிறவளும் வந்திருந்தாள். அவர்கள் வீட்டில் ஒரு ஆட்டுக்குட்டி உண்டு. அது கட்டியிருக்கிறது என்று நினைவு வந்து, யாரிடமும் சொல்லாமல் அவள் அவிழ்த்துவிடப் போயிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் ஆட்டுக்குட்டி மட்டும் நனைந்துபோய்த் தானாக மேடேறி வந்தது.

மூன்றாம் நாள் முக்கூடல் பக்கம் கரையோர முள்ளில் கிடைத்தாள்.

அடக்கத்துக்கு அம்மா போனாள். பெண்களோடு நின்றாள். வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு சாயங்கால ஜெபத்துக்குப் பாயில் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் அப்பா வேதம் வாசிப்பார், அம்மா ஜெபிப்பாள். அதுதான் வழக்கம். அப்பா வாசித்து முடித்துக் கண்ணை மூடினார். நானும் மூடினேன். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னால முடியல" என்றாள் அம்மா.

"உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பிள்ள என்கிட்டதான கேட்டா? நான் சிரிச்சேன். நான் அவர்கிட்ட கேட்டேன். அவரு என்ன செஞ்சாருன்னு எனக்குத் தெரியல. தெரியாம இனிமே என்னன்னு கேக்க?"

அப்பா மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அம்மா வழக்கமாக ஜெபிக்கும் நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் சும்மா இருந்தார். பிறகு, "ஆமென்" என்றார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. அந்த இடத்தை அவர் தானே எடுத்து நிரப்பவும் இல்லை. என்னைச் சொல்லச் சொல்லவும் இல்லை. அந்த வயதில் அப்பாவைக் கோழை என்று நினைத்தேன். சண்டை போட்டாவது அம்மாவை ஜெபிக்க வைத்திருக்க வேண்டாமா?

எனக்குப் பயம். இந்த வீட்டில் இடி விழும் என்று நினைத்தேன். படுக்குமுன் போர்வைக்குள் இரண்டு ஜெபம் செய்வேன். ஒன்று எனக்கு. இன்னொன்று அம்மாவின் குரலை மனதுக்குள் வரவழைத்து, அவள் சொல்லுகிற மாதிரியே, "கேட்டுக்கிட்டு இருக்கீங்கள்லா?" என்று சேர்த்து. பள்ளிக்கூடத்து லீவு லெட்டரில் அப்பா கையெழுத்தை நாமே போடுவோமே, அந்த மாதிரி.

கோயிலுக்குப் போவதை அம்மா நிறுத்தவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு வாயை மூடி நிற்பாள். பாடகர் குழுவில் பெண்களின் தாழ்சுதியான ஆல்ட்டோ பாடுகிறவள் அவள். பக்கத்துச் சபைகளில் பண்டிகை என்றால் மாட்டுவண்டி அனுப்பிக் கூட்டிப் போவார்கள். அந்தக் குரல் நின்றதும் எங்கள் பாட்டெல்லாம் ஒரு கால் குட்டையான பெஞ்சு மாதிரி ஆடியது. ஊர் பேசாமல் இருக்குமா? பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். கடவுள் இல்லை என்கிற கட்சிக் கூட்டத்துக்குப் போகிறாள் என்றார்கள். அத்தை பாளையங்கோட்டையிலிருந்து ஜெபித்த எண்ணெய் கொண்டுவந்து அம்மா தலையில் தேய்த்துவிட்டுப் போனாள். அம்மா குனிந்து காட்டினாள். அத்தை மனம் நோகக் கூடாது என்று.

ஐயர் வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, மோர் குடித்துவிட்டு, தன்மையாகத்தான் பேசினார்.

"இது சோதனைதாம்மா. பொறுத்தவங்களுக்கு ஆண்டவர் ரெட்டிப்பா குடுப்பாரு."

"ரெட்டிப்பா குடுத்தா போனது வந்ததா ஆயிருமா ஐயா?" என்றாள் அம்மா. "அவ அம்மைக்கு இன்னும் ரெண்டு பிள்ளைய குடுத்தா சரியாப் போச்சா?"

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நீங்க மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். இப்படிப் பேசுறது வெளிய தெரிஞ்சா வேலைக்கே ஆபத்து" என்று மெதுவாகச் சொன்னார். மிரட்டுகிறார் என்று நினைத்தேன். சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டிருப்பேன். அப்பா வாசலில் நின்றதால் விட்டேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அம்மா வீட்டுக்குத் திரும்பாமல் என்னைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைத் தெருவுக்கு நடந்தாள். வீடுகள் இருந்த இடத்தில் வண்டல் காய்ந்து செதில் செதிலாகக் கிடந்தது. பனை ஓலை வேய்ந்து புதிதாகக் குடிசை போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் அம்மை, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், மடியில் சுளகுத் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்திருக்கப் போனவளை அம்மா தோளைத் தொட்டு உட்கார வைத்து, தானும் தரையில் உட்கார்ந்தாள்.

"உன் பிள்ள மழைய நிப்பாட்டச் சொல்லிக் கேட்டுது. நான் சிரிச்சேன்" என்றாள். முன்னுரை ஒன்றும் இல்லை.

அந்த அக்காவின் விரல்கள் நின்றன. ஒரு பீடி பாதி சுற்றினபடி விரிந்தது.

"சொன்னா டீச்சர்" என்றாள். "இன்னும் ரெண்டு நாள்தான்னு டீச்சர் சொன்னாவன்னு வந்து சொன்னா. சந்தோசமாத்தான் சொன்னா."

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அந்த அக்கா அழவில்லை. பாதி விரிந்த பீடியை எடுத்து மறுபடி சுற்றி நூல் கட்டினாள். கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடியில் இரண்டு ஆட்கள் மண் குழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சாமி சுடலையின் மண் பீடம் வெள்ளத்தில் கரைந்துபோய், புதிதாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்று வளர்த்திருந்தார்கள். அம்மா பார்த்தாள்.

"இன்னுமா கும்பிடுதே? உனக்குக் கோவம் வரலியா?"

"வந்துச்சே. மண்ண வாரி எறிஞ்சேன்." அவள் இலையைக் கத்தரித்தபடி சொன்னாள். "பொறவு பாத்தா, அதுவும் கரைஞ்சுபோயில்லா கெடக்கு. தண்ணி வந்தப்ப நாமெல்லாம் மேட்டுக்கு ஓடுனோம். அது எங்க ஓடுச்சு? இங்கனயேதான் நின்னுச்சு, எம்பிள்ள கூட."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். மழை வந்த அன்று முழங்காலில் நின்றபோது இருந்த அதே முகம். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் போனோம். அம்மா பீடி சுற்றப் பழகினாள். நன்றாக வரவில்லை, அந்த அக்கா வாங்கி அவிழ்த்துத் திரும்பச் சுற்றுவாள். பேசிக்கொள்ளவே மாட்டார்கள். டீச்சர் சுடலை கோயில் பக்கம் போய் உட்காருகிறாள் என்று ஊரில் இன்னொரு பேச்சு சேர்ந்துகொண்டது.

கிறிஸ்துமசுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, குளங்கள் பெருகி நடவு நடந்ததற்காக ஸ்தோத்திர ஆராதனை, முடிந்ததும் அசனம் என்று அறிவித்தார்கள். அசனம் என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். கோயில் வளாகத்தில் கோட்டை அடுப்பு வெட்டி, சாதி மதம் பார்க்காமல் ஊருக்கே சோறு. ஆற்றங்கரைத் தெரு ஆட்களும் வந்து வெளியே புளியமரத்தடியில் காத்திருந்தார்கள். ஆட்டுக்கறி வேகிற மணம் சன்னல் வழியாக வந்து ஜெபத்தில் கலந்தது.

ஐயர் மழைக்காக நன்றி சொன்னார். பிறகு, யாராவது சாட்சி சொல்லலாம் என்றார். விவசாயி ஒருவர் எழுந்து தன் குளம் நிறைந்ததைச் சொன்னார். எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். அடுத்ததாக அம்மா எழுந்தாள். அப்பா சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. அவள் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

"இந்த மழையக் கேட்டது நான்" என்றாள் அம்மா. "அவர்தான் குடுத்தார்னா, ரெண்டையும் அவர்தான் குடுத்தாரு. அவர் குடுக்கலன்னா, ரெண்டையும் குடுக்கல. நடவுக்கு மட்டும் நன்றி சொல்லிட்டு அந்தப் பிள்ளையப் பத்திப் பேசாம உக்கார என்னால முடியல. எனக்குச் சொல்ல சாட்சி ஒண்ணும் இல்ல. அந்தப் பிள்ள பேரு மட்டும் இருக்கு."

பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. வெளியே விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்கும் கோபுரத்தில் மணி விழுவதற்கும் சரியாக இருந்தது.

ஒரே ஒரு அடி. அது ஓய்ந்து, காற்றில் கரைந்து, இனி இல்லை என்று நினைத்தபோது இன்னொன்று. துக்க மணி. எங்கள் சபையில் யாராவது இறந்தால் வயசுக்கு ஒன்றாக அப்படி அடிப்பார்கள். துக்க மணி கேட்டால் எழுந்து நிற்க வேண்டும். பிறந்ததிலிருந்து பழகின கால்கள். யோசிப்பதற்குள் சபை முழுக்க எழுந்துவிட்டது. ஐயர் எழுந்தார். பேச எழுந்த கமிட்டிக்காரர் பேசாமல் அப்படியே நின்றார். சபையில் இல்லாத, ஞானஸ்நானம் பெறாத ஒருவருக்கு அந்த மணி அதுவரை அடித்ததே இல்லை.

நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். புளியமரத்தடியில் அந்த அக்கா பக்கத்தில் நின்றவளிடம் ஏதோ கேட்டாள். அவள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே ஏதோ சொன்னாள். அந்த அக்கா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மணிக்கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள். ஏழு. எட்டு. ஒன்பது. ஒன்பதோடு நின்றது. அதன் பிறகு இருந்த அமைதியைப் போல ஒன்றை நான் எந்தக் கோயிலிலும், எந்தப் பண்டிகையிலும் கேட்டதில்லை. இத்தனை வயதில் எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. தேவ சமூகம் என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவு வருவது அந்த அமைதிதான்.

மணி அடித்தவர் எங்கள் கோயில்பிள்ளை. கோயிலைப் பெருக்கி, விளக்கேற்றி, மணியடிக்கிற பெரியவர். காது கொஞ்சம் மந்தம்தான். கமிட்டி அன்றைக்கே அவரை நிற்க வைத்துக் கேட்டது.

"யாரைக் கேட்டுவே அடிச்சீரு?"

"கயிறு வழுக்கிட்டுய்யா."

"ஒம்பது தடவையா வழுக்கிச்சு?"

"ஆமய்யா. ஒம்பது தடவையும்."

அவரை அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் கனத்த மணியை இழுக்கும் பக்குவம் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. அம்மாவை ஏதாவது செய்ய முடியும். கிறிஸ்துமஸ் முடிந்து பள்ளி திறந்த அன்றே உத்தரவு வந்துவிட்டது. உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டில் ஒரு பள்ளிக்கு மாற்றல். உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஐயர். அம்மா வாங்கிக்கொண்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று அவரைச் சபித்தேன். ஊழியக்காரரைச் சபித்தால் நாக்கு அழுகும் என்று சொல்லியிருந்தார்கள். அழுகினால் அழுகட்டும் என்று சபித்தேன்.

முப்பது வருஷம் கழித்து, அப்பா படுக்கையில் இருந்தபோதுதான் சொன்னார். கமிட்டி எழுதியனுப்பியது வேலை நீக்கம். ஐயர் சைக்கிளிலேயே பாளையங்கோட்டைக்குப் போய், மேலதிகாரியின் அறை வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்து, அதை மாற்றலாக ஆக்கி வாங்கிவந்தார். "அவருக்கும் உங்கம்மைக்குப் பதில் சொல்லத் தெரியலடீ. அதான் அத மட்டும் செஞ்சாரு" என்றார் அப்பா. அதற்குள் ஐயர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. என் நாக்கு அழுகவில்லை. ஆனால் அப்பா அதைச் சொன்ன அன்றைக்கு வாயில் ஒரு கசப்பு வந்தது. அது முழுக்கப் போகவில்லை.

தேரிக்காடு வேறு உலகம். செம்மணல், பனை, எந்தத் தெருவில் நடந்தாலும் கருப்பட்டிப் பாகு காயும் மணம். ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கோயில். அம்மா அங்கேயும் ஞாயிறு தவறாமல் போனாள். வாயை மூடி நின்றாள். அங்கே யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. டீச்சருக்குப் பாட வராது என்று எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் சாயங்கால ஜெபத்தில் அப்பா வாசிப்பார், நிறுத்துவார், காத்திருப்பார், ஆமென் சொல்லுவார். பதினோரு வருஷம்.

நான் பாளையங்கோட்டையில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்திருந்த ஒரு ஞாயிறு. பண்டிகை இல்லை, விசேஷம் இல்லை. மத்தியான வெக்கை. ஹார்மோனியம் வாசிப்பவர் வழக்கம்போலச் சுதி தப்பிக்கொண்டிருந்தார். மூன்றாம் சரணத்தின் நடுவில், ஒரு வரியின் பாதியில், என் இடது காதுக்குப் பக்கத்தில் ஆல்ட்டோ எழுந்தது.

நான் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடும் என்று பயந்தேன். முன்வரிசைக்காரர்கள் திரும்பினார்கள். பதினோரு வருஷமாகப் பார்க்கிற டீச்சருக்குள் இப்படி ஒரு குரல் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. துருப்பிடித்துத்தான் வந்தது, இரண்டு இடத்தில் கரகரத்தது, ஆனால் ஒவ்வொரு சுரமும் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. மற்றவர்களின் குரலெல்லாம் தாமாகவே சரியாயின. அப்பா பாடுவதை நிறுத்திவிட்டார். தலையைக் குனிந்து நின்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா இன்னைக்குப் பாடுனே? பதில் கெடைச்சுட்டா?"

"இல்ல."

"பொறவு?"

அவள் எனக்கு மீன் துண்டு எடுத்து வைத்தாள். "அந்தப் பிள்ளைக்கு இப்ப இருவது வயசு ஆயிருக்கும்னு நெனச்சுக்கிட்டு நின்னேன். தெனமும் நெனக்கதுதான். இன்னைக்கு நெனக்கும்போது, நான் தனியா நெனக்கல, கூட யாரோ நெனச்சுக்கிட்டு இருக்காவன்னு இருந்துச்சு. இவ்வளவு நாளும் இருந்திருக்காவ போல. அவ்வளவுதான். அதுக்கு மேல கேக்காத. சோறு ஆறுது."

அன்று சாயங்காலம் அப்பா வாசித்து, நிறுத்தி, காத்திருந்தார். அம்மா ஜெபிக்கவில்லை. சாகும்வரை அவள் மறுபடி சத்தமாக ஜெபித்ததில்லை. ஆனால் அன்றைக்கு ஆமென் இரண்டு குரலில் வந்தது.

இப்போது என் விஷயம். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த நாலு மாதமும் நான் அம்மாவைப் போலவே ஜெபித்தேன், பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி. நீங்களும் உபவாசம் இருந்தீர்கள். மறக்கவில்லை. அடக்கத்தன்று யாரோ என் கையைப் பிடித்து, தேவ சித்தம் என்றார்கள். அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ மூடிக்கொண்டது. கோபம் இல்லை. பேசினால் எதிரே ஆள் இருக்கிறதாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இல்லாத உணர்ச்சியை இருக்கிற மாதிரிக் காட்ட வேண்டாம் என்றுதான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். அதுதான் நேர்மை என்று நினைத்தேன்.

இதை எழுதும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அம்மாவும் நேர்மைக்காரிதான், என்னைவிட அதிகம். ஆனாலும் ஒரு ஞாயிறுகூட அவள் வீட்டில் இருக்கவில்லை. நம்பாமல் போனாள், பாடாமல் போனாள், பிறத்தியார் பேசப் பேசப் போனாள். பதினோரு வருஷமும் வீட்டில் இருந்திருந்தால் அவளுக்கு அந்த மூன்றாம் சரணம் கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைக்கும் என்று நினைத்து அவள் போகவில்லை என்பது மட்டும் தெரியும். எனக்குக் கிடைக்குமா என்றும் தெரியாது. நான் அம்மா இல்லை. அறுபத்தெட்டு வயதில் எனக்குப் பதினோரு வருஷம் கையில் இருக்கிறதா என்பதும் தெரியாது.

வருகிற ஞாயிறு வருகிறேன். எட்டரை மணி ஆராதனைக்கு. ஆட்டோவை என் வாசலில் நிறுத்துங்கள். படி ஏற வேண்டாம், நானே இறங்கி வந்துவிடுவேன். என்னை நடுவில் உட்கார வைக்காதீர்கள். பாட்டு நேரத்தில் என் வாயைப் பார்க்காதீர்கள். யாராவது வந்து, விசுவாசத்துக்குத் திரும்பிட்டாளா என்று உங்களிடம் கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். "வந்திருக்கா" என்று மட்டும் சொல்லுங்கள்.